பிராட்வே யாருடைய வீதி?

நியூயார்க் மாநகரத்தில் ஒரு வீதி. பெயர் பிராட்வே. அகன்ற வழி என்று பொருள். பெயரைக் கேட்டதும் நம்மவர் கண்முன் நிற்பது சென்னை ஜார்ஜ் டவுன் பிராட்வே. பிரகாசம் சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் பஸ் கண்டக்டர் "பிராட்வே, பிராட்வே" என்றுதானே கூவுகிறார்! அந்தப் பிராட்வேக்கும் இந்தப் பிராட்வேக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. நாம் சொல்ல வந்தது கடல் கடந்த வீதியின் கதை.

"விலைவாசி ஏறுகிறது, வேலை போகிறது. இந்த நேரத்தில் எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நாடகக் கொட்டகைகளுக்கு ஒரு தலையங்கமா?" என்று தோழர்கள் கேட்கக் கூடும். கேட்கட்டும். கேட்டுவிட்டுப் படிக்கட்டும். அந்த வீதியிலே துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது. கதவடைப்பு நடந்திருக்கிறது. கருங்காலிச் சங்கம் முளைத்திருக்கிறது. தையல் தொழிலாளிகள் தாங்களே நாடகம் போட்டு ஆயிரம் காட்சியைத் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். உலகமெல்லாம் அறிந்த அந்த வீதியின் விளக்கு வெளிச்சத்தைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. விளக்கைப் பிடித்து நின்றவனைப் பற்றி எழுதியவர் குறைவு.

முதலில் வீதி. வெள்ளையர் கப்பல் வந்து இறங்குவதற்கு முன்பே மன்ஹாட்டன் தீவின் மண்ணுக்குரிய மக்கள் நடந்து நடந்து பதித்த ஒற்றையடிப் பாதை அது. டச்சுக்காரர் வந்தனர், பாதையை அகலப்படுத்தினர். 1664இல் ஆங்கிலேயர் வந்து ஊரையே பிடித்துக் கொண்டனர்; பெயரையும் தம் மொழிக்கு மாற்றிக் கொண்டனர். அகலப்படுத்திய கைகள் யாருடையவை? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டு வரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் எழுந்த ஊர் அது. 1991இல் பிராட்வே 290ஆம் எண் மனையில் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட எலும்புகள்! நானூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள். ஊருக்கு வெளியே புதைக்கப்பட்ட கறுப்பு மக்களின் இடுகாட்டின் மேலேதான் பிற்காலத்து நகரம் தன் மாடிகளை அடுக்கியிருந்தது. 2003இல் அந்த எலும்புகளை மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். 2006இல் அந்த இடம் தேசிய நினைவிடமாயிற்று. ஆடலும் பாடலும் நிறைந்த வீதிக்கு இப்படி ஒரு அடித்தளம்.

இந்த வீதியின் கொட்டகைகள் ஓரிடத்தில் நின்றவை அல்ல. தெற்கு முனையில் தொடங்கி வடக்கே வடக்கே நடந்தன. காரணம் கலை அல்ல, மனை விலை! வியாபாரம் பெருகப் பெருகத் தெற்கே மனை விலை ஏறியது. கொட்டகையை இடித்துக் கடையும் ஆபீசும் கட்டினால் லாபம் அதிகம். யூனியன் சதுக்கம், மாடிசன் சதுக்கம், ஹெரால்டு சதுக்கம் என்று கொட்டகைகள் தாண்டித் தாண்டிப் போய், 42ஆம் தெருவருகே லாங்ஏக்கர் சதுக்கத்தில் கூடாரமடித்தன. 1904இல் அங்கே "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை கட்டடம் கட்டிற்று. சதுக்கம் டைம்ஸ் சதுக்கமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியது. ஐந்து காசு கொடுத்தால் எந்தச் சேரியிலிருந்தும் எந்தத் தொழிலாளியும் கொட்டகை வாசலில் வந்து இறங்கலாம் என்ற நிலை வந்தது. கொட்டகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நூற்றாண்டுக்கு முந்திய இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சற்று நின்று பார்ப்போம்.

ஒன்று 1821இல். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர், கப்பலில் பணியாளாக உழைத்தவர், வில்லியம் அலெக்சாண்டர் பிரவுன் என்னும் கறுப்பர். தம் மக்களுக்காக நியூயார்க்கில் ஒரு நாடக மன்றம் தொடங்கினார். ஆப்பிரிக்கத் தோப்பு என்று பெயர். கறுப்பு நடிகர்கள் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தை ஆடினார்கள்! அடிமை முறை சட்டப்படி அந்த மாநிலத்திலேயே முற்றாக ஒழியாத காலம். அது ஒழிந்தது 1827இல்தான். வெள்ளையர் வேடிக்கை பார்க்க வந்தார்கள், கலகம் செய்தார்கள். அவர்களைப் பின்வரிசையில் தனியே உட்கார வைத்தார் பிரவுன். என்ன துணிச்சல்! வெள்ளையரின் பெரிய கொட்டகையான பார்க் தியேட்டருக்குப் பக்கத்திலேயே மண்டபம் பிடித்து நாடகம் நடத்தவும் துணிந்தார். போலீஸ் வந்தது. மேடையில் வேடத்தோடு நின்ற நடிகர்களைப் பிடித்துக் கொண்டு போனார்கள். ஓரிரு ஆண்டுகளில் மன்றம் மூச்சடங்கியது. அந்த மன்றத்தின் காற்றைச் சுவாசித்த இளைஞன் ஐரா ஆல்ட்ரிஜ் பிறந்த நாட்டில் மேடை கிடைக்காமல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். ஐரோப்பா முழுவதும் ஒத்தெல்லோவாகவும் லியராகவும் நின்று அரசர்கள் கையால் பதக்கம் பெற்றான். 1867இல் போலந்து நாட்டில் கண் மூடினான். பிறந்த ஊரின் வீதிக்கு அவன் திரும்பவே இல்லை.

மற்றது 1849, மே 10. பிராட்வேக்கு அருகே ஆஸ்டர் பிளேஸ் என்னுமிடத்தில் சீமான்களுக்கென்று ஒரு இசை நாடக மாளிகை எழுந்திருந்தது. உள்ளே வர வேண்டுமானால் கையில் மென்தோல் கையுறை வேண்டும்; மேலே விருந்துக்குப் போகும் உடுப்பு வேண்டும்; முகச் சவரம் செய்திருக்க வேண்டும்! கசாப்புக் கடைக்காரனும் கப்பல் தச்சனும் எங்கே போவான் கையுறைக்கு? அவர்களுக்குப் பவரித் தெருவில் கொட்டகை உண்டு; அங்கே அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நடிகர் எட்வின் பாரஸ்ட். சீமான் மாளிகைக்கு வந்தவர் ஆங்கில நடிகர் மெக்ரெடி. இருவருக்கும் நெடுநாள் பகை. இருவரும் ஒரே ஊரில் ஒரே இரவில் மேக்பெத் வேடம் கட்டினார்கள். மே 7ஆம் நாள் மெக்ரெடி மேல் அழுகிய முட்டையும் உருளைக் கிழங்கும் நாற்காலியும் பறந்தன. அவர் ஊருக்குப் போகிறேன் என்றார். பெரிய மனிதர்கள் நாற்பத்தேழு பேர் கையெழுத்திட்டு, போகாதீர், ஆடும் என்று வேண்டினார்கள். அவர்களில் எழுத்தாளர்கள் வாஷிங்டன் இர்விங்கும் ஹெர்மன் மெல்விலும் உண்டு. ஆடினார். வெளியே பத்தாயிரம் பேர் கூடினார்கள். கல் பறந்தது. ராணுவம் வந்தது. மக்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வழிப்போக்கர்களும் அடக்கம்.

இந்தச் சம்பவத்தைத் தொழிலாளி வர்க்கத்தின் வீரக் கதை என்று சிலர் எழுதுகிறார்கள். நாம் அப்படி எழுத மாட்டோம். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்தின் கோபத்துக்குக் காரணம் உண்டு: கையுறை இல்லாதவனுக்குக் கலை இல்லை என்று கதவடைத்த ஆணவம். ஆனால் அந்தக் கோபத்தைத் தூண்டிவிட்டவர்கள் அதை எந்தப் பக்கம் திருப்பினார்கள்? மாளிகைக்குச் சொந்தக்காரன் மேலா? இல்லை. அயல்நாட்டான், ஆங்கிலேயன் என்று ஒரு நடிகன் மேல் திருப்பினார்கள். அமெரிக்காவில் பிறந்தவனே அமெரிக்கன் என்று துண்டறிக்கை ஒட்டித் திரிந்த கும்பல் அதிலே குளிர் காய்ந்தது. அடுத்த கப்பலில் பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரக் கூலியையும் அதே கும்பல்தான் விரட்டியது. சுட்டவன் ஒருபுறம், சுடுமிடத்துக்கு ஏழையை அழைத்து வந்தவன் மறுபுறம். இருவரையும் நாம் கணக்கில் எழுதுகிறோம். அந்த மாளிகை அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. கட்டடம் நூலகத்துக்குப் போயிற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1896ஆம் ஆண்டு ஆறு முதலாளிகள் கூடி உட்கார்ந்தார்கள். சிண்டிகேட் என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். நாடெங்கும் உள்ள கொட்டகைகளின் தேதிப் புத்தகம் அவர்கள் கைக்குப் போயிற்று. எந்த ஊரில் எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் ஆடலாம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். பணியாவிட்டால் ஊர் ஊராகக் கொட்டகை கிடைக்காது. உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்டுக்கே 1906இல் டெக்சாஸ் மாநிலத்தில் கொட்டகை இல்லை என்றார்கள். அந்த அம்மையார் சர்க்கஸ் போலக் கூடாரம் அடித்து அதில் ஆடினார்! சிண்டிகேட்டை எதிர்த்து ஷூபர்ட் சகோதரர்கள் கிளம்பினார்கள். ஏகபோகத்தை உடைக்க வந்த வீரர்கள் என்று ஊர் கைதட்டியது. உடைத்தார்கள், உடைத்த இடத்தில் தாங்களே உட்கார்ந்து கொண்டார்கள். 1956இல் அமெரிக்க அரசாங்கமே வழக்குப் போட்டு, கொட்டகைகள் சிலவற்றை விற்றுவிடு என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் அளவுக்குப் போயிற்று அந்தச் சாம்ராஜ்யம்.

இந்த முதலாளிகளிடம் நடிகன் பட்ட பாடு? ஒத்திகைக்குக் கூலி கிடையாது. பாட்டு நாடகமானால் பத்து வாரம், அதற்கு மேலும் ஒத்திகை இழுக்கும். அத்தனை நாளும் வயிற்றில் ஈரத்துணி. நடிகைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே வாங்க வேண்டும். விடுமுறை நாளில் கூடுதல் காட்சி போடுவார்கள். கூடுதல் கூலி கிடையாது. நாடகம் நாலு நாளில் விழுந்துவிட்டால் எங்கோ ஒரு தூரத்து ஊரில் கம்பெனியைக் கைவிட்டு முதலாளி ரயிலேறிவிடுவான். பெட்டியை அடகு வைத்து ஊர் திரும்ப வேண்டியவன் நடிகன். நம் நாட்டு நாடகக் கம்பெனிகளின் கதையை அறிந்த பெரியவர்களுக்கு இது புதிதாயிராது.

இத்தனைக்கும் நடிகன் சங்கம் வைக்கவில்லை. ஏன்? "நான் கலைஞன், தொழிலாளி அல்ல" என்ற பெருமிதம்! பார்த்தீர்களா வேடிக்கையை? மேடைக்குப் பின்னால் திரை இழுத்தவன், சீன் தள்ளியவன், விளக்குப் போட்டவன் 1886லேயே நியூயார்க்கில் சங்கம் அமைத்துவிட்டான். 1893இல் நாடு தழுவிய சம்மேளனமே கட்டிவிட்டான். மேடைமேல் வெளிச்சத்தில் நின்றவனுக்கு அந்த அறிவு வர 1913 ஆயிற்று. அந்த ஆண்டு மே 26இல் நடிகர் ஈக்விட்டிச் சங்கம் பிறந்தது. அதன் பின்னும் ஆறு ஆண்டுகள் முதலாளிகளிடம் மனுப் போட்டுக் கொண்டேயிருந்தார்கள். மனுவினால் ஆனது ஒன்றுமில்லை. 1919 ஜூலையில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் கொடிக்குக் கீழே வந்தார்கள். அடுத்த மாதமே போர் மூண்டது.

1919 எப்படிப்பட்ட ஆண்டு! பிப்ரவரியில் சியாட்டில் நகரம் முழுவதும் பொது வேலை நிறுத்தம். செப்டம்பரில் லட்சக்கணக்கான எஃகுத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். நடுவிலே, ஆகஸ்டில், பிராட்வேயில் திரை எழவில்லை! டிக்கெட் வாங்கிக் கொண்டு வந்த கூட்டம் வாசலில் நின்றது. நடிகர்களோ தெருவில் நின்றார்கள். ராஜா வேடம் போட்டவன் கையில் கோரிக்கை அட்டை. ராணி வேடம் போட்டவள் கையில் உண்டியல். புகழின் உச்சியில் இருந்த எதெல் பாரிமோர் வேலை நிறுத்தக்காரர்களோடு வந்து நின்றார். கூட்டத்தோடு ஆடும் பெண்கள், யாரும் பெயர் கூடக் கேட்காதவர்கள், தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். நகைச்சுவை நடிகை மேரி டிரெஸ்லர் அதற்குத் தலைவியானார். பிராட்வே வழியே ஊர்வலம் போனார்கள். நிதிக்காகத் தாங்களே ஒரு மண்டபம் பிடித்து நிகழ்ச்சி நடத்தினார்கள். ஊர் திரண்டு வந்தது.

எதிர்த் தரப்பில் யார்? முதலாளிகள் மட்டுமா? ஜார்ஜ் எம். கோஹன் நின்றார். பாட்டெழுதுவார், ஆடுவார், பாடுவார், நாடகம் எழுதுவார். பிராட்வேயின் செல்லப் பிள்ளை. அவர் நடிகர், நாடக முதலாளியும் அவரே. இரண்டில் எந்தத் தொப்பியை அணிவது என்ற நேரம் வந்தபோது முதலாளித் தொப்பியை அணிந்து கொண்டார். சங்கத்துக்கு எதிராகப் போட்டிச் சங்கம் ஒன்று அவர் ஆதரவில் முளைத்தது. விசுவாசச் சங்கம் என்று அதற்குப் பெயர்! யாருக்கு விசுவாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈக்விட்டி வென்றால் நாடகத் தொழிலையே விட்டுவிட்டு லிப்ட் ஓட்டப் போய்விடுவேன் என்றாராம் கோஹன். "அதற்கும் நீர் யூனியனில் சேர வேண்டுமே!" என்று யாரோ பதில் சொன்னதாக ஒரு கதை அந்த வீதியில் இன்றும் உலவுகிறது.

போரை முடித்து வைத்தவர்கள் யார் தெரியுமா? மேடைத் தொழிலாளிகளும் வாத்தியக்காரர்களும். அவர்களுக்கு அந்தச் சண்டையில் சொந்தக் கோரிக்கை எதுவுமில்லை. கலைஞன் என்று மார்தட்டி இத்தனை நாளும் தங்களை ஏறிட்டுப் பார்க்காத நடிகனுக்காக அவர்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். நடிகன் இல்லாவிட்டால் எவனையாவது பிடித்து மேடையில் நிறுத்தலாம். விளக்குப் போட ஆளில்லை, சீன் தள்ள ஆளில்லை, பிடில் வாசிக்க ஆளில்லை என்றால் கொட்டகை வெறும் இருட்டறை. எட்டு நகரங்களில் முப்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள் நின்றன. ஒரு மாதம். செப்டம்பர் 6ஆம் நாள் முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். மூவாயிரத்துக்கும் குறைவான உறுப்பினரோடு களமிறங்கிய சங்கத்தில் போர் முடியும்போது பதினாலாயிரம் பேர்!

அந்த வெற்றியினால் எல்லாம் வந்துவிடவில்லை. ஒத்திகைக் கூலி முழுதாக வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் சங்கம் நின்றது. நின்ற சங்கம் என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். தலைநகர் வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர் என்ற பெருங்கொட்டகை. கறுப்பர் உள்ளே வரக் கூடாது என்பது அதன் சட்டம். கறுப்பர் நுழைய முடியாத கொட்டகையில் எங்கள் உறுப்பினர் ஆட மாட்டார்கள் என்று ஈக்விட்டி அறிவித்தது. கொட்டகைக்காரர் பணியவில்லை, 1948இல் நாடகத்தை நிறுத்திவிட்டுச் சினிமா காட்டினார். சங்கமும் பணியவில்லை. 1952இல் கதவு எல்லோருக்கும் திறந்தது. உச்ச நீதிமன்றம் பள்ளிக் கூடங்களில் நிறவெறிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது 1954இல். நடிகர் சங்கம் அதை முந்திக் கொண்டது என்பதை எந்தக் கலைஞனும் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம்.

முப்பதுகளின் பஞ்சத்தில் பிராட்வே சுருண்டு விழுந்தது. இருபதுகளின் இறுதியில் ஒரே ஆண்டில் இருநூற்றைம்பதுக்கு மேல் நாடகங்கள் கண்ட வீதி! பேசும் படம் ஒருபுறம், பங்குச் சந்தைச் சரிவு ஒருபுறம். 42ஆம் தெருக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகைகளாயின. ஆனால் உழைப்பாளியின் நாடகம் அந்த இருட்டில்தான் விளக்கேற்றியது. 1935 ஜனவரியில் கிளிபர்டு ஓடெட்ஸ் எழுதிய ஒரு சிறு நாடகம், டாக்சி டிரைவர்களின் வேலை நிறுத்தத்தைப் பற்றியது, 14ஆம் தெருக் கொட்டகையில் அரங்கேறியது. முடிவிலே "ஸ்டிரைக்!" என்று மேடையில் முழக்கம் எழுந்தபோது கீழே உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்று முழங்கினார்கள். சில வாரங்களில் அது பிராட்வேக்கே வந்துவிட்டது.

1937 ஜூன் 16. அரசாங்கமே பணம் கொடுத்து நடத்திய கூட்டாட்சி நாடகத் திட்டத்தின் கீழ் மார்க் பிளிட்ஸ்டைன் எழுதிய எஃகுத் தொழிலாளர் நாடகம் "தொட்டில் ஆடும்" அரங்கேற இருந்தது. நெறியாளர் ஆர்சன் வெல்ஸ், வயது இருபத்திரண்டு. மேலிடம் பயந்தது. செலவுக் குறைப்பு என்று சாக்குச் சொல்லிக் கொட்டகையைப் பூட்டினார்கள், காவலாட்களை நிறுத்தினார்கள். நடிகர்களும் நாடகம் பார்க்க வந்தவர்களும் சேர்ந்து இருபத்தோரு தெரு கடந்து நடந்தார்கள், வேறொரு கொட்டகைக்கு. மேடையில் ஏறி நடிக்கச் சங்கத்தின் அனுமதி இல்லை. ஆகவே நடிகர்கள் மேடை ஏறவில்லை! மேடைமேல் பிளிட்ஸ்டைன் ஒருவர் மட்டும் பியானோவோடு. அவர் பாடத் தொடங்கினார். சபையின் நடுவிலிருந்து ஒரு இளம் பெண் எழுந்து நின்று தன் பாட்டைப் பாடினாள். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். கூட்டத்திலிருந்தே நாடகம் எழுந்தது. இரண்டு ஆண்டுகளில், 1939 ஜூனில், அந்தத் திட்டத்தையே காங்கிரஸ் சபை ஒழித்துக் கட்டியது. ஆபத்தான நாடகம் என்று அவர்கள் எதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதே 1937 நவம்பரில் நடந்தது நம் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் 39ஆம் தெருவில் இருந்த சிறிய பிரின்சஸ் கொட்டகையை எடுத்து, "தொழிலாளர் மேடை" என்று பெயர் மாற்றியது. துணி வெட்டுகிறவர்கள், தையல் போடுகிறவர்கள், பித்தான் தைக்கிறவர்கள் வேலை முடிந்த பின் மாலையில் வந்து ஒத்திகை பார்த்தார்கள். தொடக்கத்தில் வார இறுதியில் மட்டும் காட்சி. மற்ற நாளில் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டுமே! "ஊசியும் குண்டூசியும்" என்பது நாடகத்தின் பெயர். சிரிக்கச் சிரிக்கப் பாட்டும் நையாண்டியும். ஊர் திரண்டது. 1108 காட்சிகள்! வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட்டின் முன்பும் ஆடினார்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற பெருநடிகர்களைப் போட்டுக் கோடி செலவழித்து எடுத்தவை இரண்டு வாரத்தில் மூட்டை கட்டிய அதே வீதியில்! தையல்காரனுக்கு நடிக்க வருமா என்று கேட்ட பத்திரிகை மேதைகள் பிறகு டிக்கெட்டுக்கு ஆளனுப்பினார்களோ என்னவோ.

1943இல் பால் ரோப்சன் ஒத்தெல்லோவாக நின்றார். ஆல்ட்ரிஜுக்குக் கிடைக்காத வீதியில் நின்றார். 296 காட்சிகள், பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை நாள் ஓடவில்லை. ஏழாண்டு கழித்து 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசாங்கம் பிடுங்கியது; எட்டாண்டுகள் அவரை நாட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தது. ஆர்தர் மில்லரையும் அதே கைகள் விசாரணைக் கூண்டில் ஏற்றின. மில்லரின் "விற்பனையாளனின் மரணம்" 1949 பிப்ரவரி 10 அன்று மொராஸ்கோ கொட்டகையில் அரங்கேறியது. முப்பத்தாறு ஆண்டு உழைத்து, சக்கையாகி, எறியப்படும் ஒரு மனிதனின் கதை. பார்த்தவர்கள் திரை விழுந்த பின்னும் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள்.

அந்த மொராஸ்கோ இன்று இல்லை. 1982 மார்ச்சில் இடித்தார்கள். பெரிய ஓட்டல் கட்டுவதற்காக! அதோடு ஹெலன் ஹேஸ் கொட்டகை உட்பட மேலும் நாலு கொட்டகைகள். நடிகர்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். நாடகங்களை அரங்குக்கு வெளியே தெருவிலே படித்தார்கள். போலீஸ் அள்ளிக் கொண்டு போனது. நீதிமன்றம் அனுமதித்த சில நிமிடங்களில் இரும்புக் கை சுவரில் இறங்கியது. எண்பது ஆண்டுக்கு முன் கொட்டகைகளை வடக்கே துரத்திய அதே மனை விலைதான் இங்கேயும் வந்து நின்றது. இனி வடக்கே போக இடமில்லை.

அதன் பிறகு 42ஆம் தெரு தூய்மையாயிற்று, துலங்கிற்று என்கிறார்கள். மெய்தான். அழுக்கும் ஆபாசமும் மண்டிய தெரு அது. 1997இல் டிஸ்னி நிறுவனம் நியூ ஆம்ஸ்டர்டாம் கொட்டகையைப் புதுப்பித்துத் திறந்தது. வேலை பெருகியது. சங்கங்களும் தேயவில்லை: 2007 நவம்பரில் மேடைத் தொழிலாளர்கள் பத்தொன்பது நாள் வேலை நிறுத்தம் செய்தபோது பெரும்பாலான கொட்டகைகள் இருண்டு கிடந்தன. 2020 மார்ச் 12இல் கொள்ளை நோய் வந்து நாற்பத்தோரு கொட்டகைகளையும் ஒன்றரை ஆண்டு பூட்டியபோது, முதலில் பட்டினியை எதிர்கொண்டவர்கள் டிக்கெட் கிழிப்பவரும் உடுப்பு மாட்டிவிடுபவரும்.

ஆனால் டிக்கெட்? இங்கேதான் நம் வழக்கு. 1973இல் மிஞ்சிய டிக்கெட்டை அரை விலைக்கு விற்கச் சதுக்கத்தில் ஒரு கூண்டு வைத்தார்கள், நல்ல காரியம். 2016இல் "ஹாமில்டன்" நாடகத்தின் முதல் தர இருக்கைக்கு 849 டாலர் வைத்தார்கள். 2025இல் "ஒத்தெல்லோ" மீண்டும் வந்தது. டென்சல் வாஷிங்டன் நடித்தார். நல்ல இருக்கைக்கு 921 டாலர்! கறுப்பு நடிகர் ஒத்தெல்லோவாக நிற்கலாம், யாரும் கைது செய்ய மாட்டார்கள். இருநூறு ஆண்டில் வந்த மாற்றம் அது. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அந்த இருக்கையில் உட்கார, கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி எத்தனை நாள் கூலியைச் சேர்க்க வேண்டும்? மென்தோல் கையுறையும் சவரமும் கேட்ட ஆஸ்டர் மாளிகைக்கும், வெறும் காகிதத்தில் 921 என்று அச்சடித்துவிட்டு "எல்லோரும் வரலாம்" என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் கொட்டகைக்கும் வாசலில் உள்ள வேறுபாடு எத்தனை? கூலி உயர்வுதான் டிக்கெட்டை உயர்த்தியது என்று முதலாளிகள் சங்கத்தின் மேல் விரலை நீட்டுகிறார்கள். அப்படியானால் கொட்டகைகளில் பெரும்பாலானவை மூன்றே நிறுவனங்களின் கையில் இருப்பதைப் பற்றியும், அவர்கள் வாங்கும் வாடகையைப் பற்றியும் பேசட்டுமே! சங்கம் இருந்த 1937இல்தான் தையல் தொழிலாளி அந்த வீதியில் நடிக்கவும் செய்தான், பார்க்கவும் செய்தான்.

அந்த 2025 ஒத்தெல்லோ நடந்த கொட்டகையின் பெயர் எதெல் பாரிமோர். ஆம், 1919இல் தெருவில் நின்ற அதே நடிகைதான். 1928இல் அந்தக் கொட்டகையைக் கட்டி அவர் பெயரைச் சூட்டியவர்களோ அந்த ஆண்டு அவரை எதிர்த்து நின்ற ஷூபர்ட்கள்.

அங்கிருந்து ஒரு தெரு தெற்கே, 46ஆம் தெரு முனையில், பிராட்வேயின் நடுவே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1959இல் வைத்தது. வீதி முழுவதற்கும் நடிகர் ஒருவருக்கு வைத்த சிலை அது: ஜார்ஜ் எம். கோஹன். ஈக்விட்டிச் சங்கத்தில் அவர் சாகும் வரை சேரவில்லை. அவர் சிலையைச் சுற்றி இரவு எட்டு மணிக்குத் திரை எழும் நாடகங்களில் நடிப்பவர்கள் ஈக்விட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டே மேடை ஏறுகிறார்கள். ஒத்திகைக்கும் கூலி வாங்குகிறார்கள்.